அப்பாவின் மாலை பிஸ்கட்

வணக்கம். அப்பாவுக்கு இரத்த அழுத்தம், ஆனாலும் டீக்கு உப்பு பிஸ்கட் வேண்டும் என்கிறார், மல்டிகிரைன் (பல தானிய) பிஸ்கட் வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். சேர்மானப் பட்டியலில் எடை அதிகமான பொருள்தான் முதலில் இருக்கும். முதலில் மைதா, அப்புறம் பாமாயில், கடைசியில் ஓட்ஸ் 2 சதவீதம் என்றால் அது மைதா பிஸ்கட்தான்.

முக்கியமாகப் பார்க்க வேண்டியது உப்பில் இருக்கும் சோடியம். அதை 2.5 ஆல் பெருக்கினால் உப்பின் அளவு தெரியும். 100 கிராமில் 800 மில்லிகிராம் என்றால் 2 கிராம் உப்பு. உலக சுகாதார நிறுவனம் சொல்வதோ நாள் முழுக்க 5 கிராமுக்குள்.

ருசியே இல்லாததை வாங்கி வைக்காதீர்கள். என் அம்மா அதைத் தொடாமல் மிக்சருக்குப் போய்விட்டார். பிடித்த பிஸ்கட்டிலேயே இரண்டை மட்டும் தட்டில் வையுங்கள், பாக்கெட் அலமாரியிலேயே இருக்கட்டும். கூடவே ஒரு கைப்பிடி பொட்டுக்கடலை, உப்பில்லாமல்.