வாங்கும் முன் ஒரு வார்த்தை: வீட்டுக் கோழி – கேள்வி பதில்

கே: பொரித்து ஒரு நாளே ஆன குஞ்சு 20 வாங்கினேன். அத்தனையும் பெட்டை என்று சொல்லி, விற்றவர் குஞ்சுக்கு 15 ரூபாய் கூடுதலாக வாங்கினார். மூன்று மாதத்தில் பார்த்தால் 13 சேவல். கேட்டால், ‘எல்லாம் இயற்கைங்க’ என்கிறார். – காரைக்குடி வாசகர்

ப: இது இயற்கை இல்லை, ஏமாற்று. பொரித்த அன்றே பெட்டையா சேவலா என்று சொல்ல, ஆசனவாயைப் பிதுக்கிப் பார்க்கப் பயிற்சி பெற்றவர் வேண்டும். இறக்கை இறகின் நீளத்தை வைத்துப் பிரிப்பது, அதற்கென்றே உருவாக்கிய இனங்களில்தான் சரியாக வரும். சாதாரண நாட்டுக்குஞ்சில் வராது. ஏறக்குறைய பாதி சேவலாகத்தான் இருக்கும் என்று தெரிந்தேதான் அவர் கூடுதல் பணம் வாங்கியிருக்கிறார்.

‘எல்லாம் பெட்டை’ என்று வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தால் அதை அழித்துவிடாதீர்கள். நுகர்வோர் உதவி எண் 1915-ல் பேசுங்கள். அப்படியும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் புகாருக்குக் கட்டணம் இல்லை. 2 ஆண்டுக்குள் போக வேண்டும். அதுவரை சேவல்களைப் பிரித்து வையுங்கள். 7 பெட்டைக்கு ஒரு சேவல் போதும். 13 சேவலும் கூடவே இருந்து மிதித்தால் பெட்டைகளின் முதுகில் இறகு மிஞ்சாது.

கே: இன்குபேட்டர் வாங்கி, கடையில் நல்ல முட்டையாகப் பார்த்து 48 வைத்தேன். 21 நாள் தாண்டியும் ஒன்றுகூடப் பொரிக்கவில்லை. மெஷினை மாற்றித் தருவார்களா? – ஆவடி வாசகர்

ப: மாட்டார்கள். முட்டைப் பண்ணையில் சேவலே கிடையாது, கடை முட்டையில் குஞ்சாகும் கரு இருக்காது.

கே: வீட்டில் 6 கோழி இருக்கிறது. சந்தையில் 2 விடைக்கோழி வாங்கி, அன்று மாலையே அவற்றோடு விட்டேன். ஒன்றின் தலை கிழிந்துவிட்டது. இன்னொன்று மூலையை விட்டு வரவில்லை, தீனியும் எடுக்கவில்லை. நோஞ்சான் கோழியைத் தள்ளிவிட்டார் என்று நினைக்கிறேன். பணத்தைத் திரும்பக் கேட்கலாமா? – ஒட்டன்சத்திரம் வாசகர்

ப: கேட்காதீர்கள். கோழியில் குற்றமில்லை. இதைப் பத்துத் தடவையாவது எழுதியிருப்பேன். இன்னும் சந்தைப் பையை அவிழ்த்து நேராகக் கூட்டத்தில் கொட்டிக்கொண்டே இருக்கிறீர்கள்.

உங்கள் ஆறு கோழிக்குள் ஒரு வரிசை உண்டு. யார் முதலில் தீனிக்கு வருவது, ராத்திரி யார் உயரமான கொம்பில் உட்காருவது என்பதெல்லாம் அதில் முடிவானவை. நார்வேக்காரரான ஷெல்டெரப்-எப்பெ சிறுவயதிலிருந்தே கோழிகளைக் கவனித்து, 1920-களின் தொடக்கத்தில் இந்தக் கொத்து வரிசையைப் பற்றி எழுதினார். வரிசை முடிவான கூட்டத்தில் சண்டை குறைவு. மேல்படிக் கோழி கழுத்தை நிமிர்த்தினாலே எதிரில் நிற்பது ஒதுங்கிவிடும். புதுக்கோழி நுழைந்தால் அந்த ஏற்பாடு கலைகிறது. ரத்தம் கண்டுவிட்டால் மற்றவையும் அதே இடத்தில் கொத்தும். அதனால் காயம்பட்டதை இப்போதே தனியாகப் பிரியுங்கள்.

அதைவிடப் பெரிய பயம் வெள்ளைக் கழிச்சல் என்ற தொற்றுநோய். சந்தையில் பல ஊர்க் கோழிகள் காலைக் கட்டி ஒன்றாகக் கிடக்கும். நோய் வெளியே தெரிவதற்கு முன்பே ஒட்டிக்கொள்ளும். நான் பட்டவன். ஒரு தீபாவளிக்கு முன் கொண்டை சிவக்க, பளபளவென்று நின்ற சேவலை வாங்கி அன்றிரவே கூட்டில் விட்டேன். பத்து நாளுக்குள் பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கழுத்து முறுக்கி, 11 கோழி போனது. அடையில் இருந்த தாய்க்கோழியும் போனது. அடியில் இருந்த முட்டைகள் சில்லிட்டுக் கிடந்ததை இன்னும் மறக்க முடியவில்லை.

இனி வாங்கினால் முதல் மூன்று வாரம் வேறு இடத்தில், வேறு தண்ணீரில் வையுங்கள். அப்புறம் ஒரு வாரம் நடுவில் கம்பிவலை போட்டு, ஒன்றையொன்று பார்க்க மட்டும் விடுங்கள். பிறகு ஒரு நாள் இருட்டியதும் கூட்டில் கொண்டுபோய் உட்காரவையுங்கள். தீனியையும் தண்ணீரையும் இரண்டு மூன்று இடத்தில் வைத்தால்தான் கடைசிக் கோழிக்கும் கிடைக்கும். தடுப்பூசியும் விட்டுப்போகக் கூடாது. குஞ்சுக்கு முதல் வாரத்திலும் நாலாவது வாரத்திலும் சொட்டு மருந்து, எட்டாவது வாரத்தில் ஊசி. கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள்.

கே: கடக்நாத் முட்டை என்று கறுப்பு முட்டை விற்கிறார்கள். ஒன்று 50 ரூபாய். வாங்கலாமா? – வேலூர் வாசகி

ப: வேண்டாம். கடக்நாத் இனத்துக்குத் தோலும் நாக்கும்கூடக் கறுப்பு, ஆனால் முட்டை வெளிர் பழுப்பு நிறம்தான். நான் கறுப்பு இறகைப் பார்த்து 3,000 ரூபாய்க்கு ஒரு ஜோடி வாங்கினேன். வீட்டுக்கு வந்து வாயைத் திறந்தால் நாக்கு சிவப்பு. கலப்புக் கோழி. வாங்கும் இடத்திலேயே நாக்கையும் தோலையும் பாருங்கள்.

கே: என் அக்கா கணவரை இழந்தவர். ‘ஷெட் போட்டு, குஞ்சும் தீவனமும் நாங்களே தருகிறோம், மாதம் தவறாமல் பணம்’ என்று ஒன்றரை லட்சம் வாங்கினார்கள். இரண்டு மாதம் வந்தது. இப்போது ஆபீஸ் பூட்டிக் கிடக்கிறது. வீட்டில் எல்லாரும் அவரைத் திட்டுகிறார்கள். – கோபி வாசகி

ப: முதலில் திட்டுவதை நிறுத்தச் சொல்லுங்கள். அந்த இரண்டு மாதப் பணம் வந்ததே நம்பவைக்கத்தான். 2012-ல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழியில் ஆயிரக்கணக்கானோர் இப்படித்தான் இழந்தார்கள். விவரம் தெரிந்தவர்களும் அதில் பணம் போட்டிருந்தார்கள். உங்கள் அக்கா செய்தது தப்பில்லை, அவரிடம் வாங்கியவர்கள் செய்ததுதான் தப்பு.

ஒப்பந்தம், ரசீது, வங்கிக் கணக்கு விவரம், விளம்பர நோட்டீஸ் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு பொருளாதாரக் குற்றப் பிரிவு போலீசில் புகார் கொடுங்கள். 1997-ம் ஆண்டு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி சொத்தை முடக்கிப் பணத்தைத் திருப்பித் தர வழி இருக்கிறது. நாளாகும். ஏமாந்த மற்றவர்களையும் தேடிச் சேர்த்துக்கொள்ளுங்கள். அக்காவைத் தனியாக அனுப்பாதீர்கள், நீங்களும் கூடப் போங்கள்.

கே: திருவிழாவில் மகளுக்குப் பச்சை, ரோஸ் கலர் குஞ்சு 4 வாங்கினேன். இரண்டு செத்துவிட்டது. மகள் அழுகிறாள். – மேலூர் வாசகர்

ப: அவை பெரும்பாலும் முட்டையினக் கோழியின் சேவல் குஞ்சுகள். முட்டையும் இடாது, கறிக்கும் சீக்கிரம் தேறாது என்று பொரிப்பகத்தில் ஒதுக்கியவை. அவற்றைச் சாயத்தில் முக்கி, சூடில்லாமல் நாள் முழுக்கப் பெட்டியில் வைத்து விற்கிறார்கள். வாங்க ஆள் இருக்கும்வரை முக்குவார்கள். இனி வாங்காதீர்கள்.

மீதி இரண்டைப் பார்ப்போம். பெட்டியில் உமி பரப்பி, மேலே ஒரு குண்டு பல்பைக் கட்டுங்கள். முதல் வாரம் 35 டிகிரி சூடு வேண்டும். பல்புக்கு அடியில் ஒட்டிக்கொண்டு கத்தினால் குளிர்கிறது, பல்பை இறக்குங்கள். மூலைக்கு ஓடி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம், ஏற்றுங்கள். காலை நீட்டிப் படுத்துத் தூங்கினால் சரி. தண்ணீரைத் தட்டையான தட்டில் கூழாங்கல் போட்டு வையுங்கள், முழுகாது. பல்பை ஏற்றுவதா இறக்குவதா என்று மகளையே பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.