போன் வாசிக்கிற புத்தகமாகப் பார்த்து எடுங்கள்

கேள்வி: கோப்பாய்ப் பக்கத்தில் நாங்கள் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் ஆறேழு பேர். லண்டன், கனடாவில் இருக்கும் பழைய மாணவர்களையும் சேர்த்து, மாதம் ஒரு புத்தகம் பற்றி சூமில் கதைக்க விருப்பம். எங்களில் ஒருவருக்குக் கண்பார்வை இல்லை. போன் வாசிக்கக் கேட்பார். நூல்களை எங்கே எடுப்பது?

பதில்: முதலில் அவர் கேட்கக்கூடிய கோப்பு கையில் வரட்டும், அதற்குப் பிறகு புத்தகத்தை அறிவியுங்கள். மாறிச் செய்தால் மூன்றாம் மாதமே, "நீங்கள் கதையுங்கோ, நான் கேட்டுக்கொண்டிருக்கிறன்" என்று ஒதுங்கிவிடுவார்.

ஈழத்து நூல் என்றால் எல்லோரும் போவது 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற இணையத்தளத்துக்குத்தான். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்த ஊரில் இருந்துகொண்டு அந்தச் சேகரத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அங்குள்ள பிடிஎஃப்களில் பெரும்பாலானவை பக்கங்களை ஸ்கேன் செய்த படங்கள். திரைவாசிப்பான், அதாவது திரையில் உள்ள எழுத்தை உரக்க வாசிக்கும் செயலி, அவற்றைத் திறந்துவிட்டுப் பேசாமல் இருக்கும். கோப்பைத் திறந்து ஒரு சொல்லை விரலால் அழுத்திப் பிடித்துப் பாருங்கள். சொல் தெரிவாகாவிட்டால் அது படம்.

படத்தை எழுத்தாக்க கூகுள் டிரைவே போதும். பிடிஎஃப்பை ஏற்றி, கூகுள் டொக்ஸில் திறந்தால் தமிழ் எழுத்தாகத் தரும். முழு நூலையும் ஒரேயடியாகக் கொடுக்க வேண்டாம். சில பக்கங்களாகப் பிரித்துக் கொடுங்கள். பழைய அச்சில் னை, லை, றா போன்றவை வேறு வடிவில் இருக்கும். அங்கே அடிக்கடி தடுமாறும். ஆளுக்கு ஐந்து பக்கம் பிரித்துத் திருத்துங்கள். விடைத்தாள் திருத்திய கைகள்தானே!

எழுத்தாளர் உள்ளூரில் இருப்பவர் என்றால் இதைவிடச் சுலபமான வழி உண்டு. அவரிடமே தட்டச்சுக் கோப்பைக் கேளுங்கள். அவரிடம் இல்லாவிட்டால் அச்சகத்தில் இருக்கலாம். அனுமதியும் அதோடு கிடைத்துவிடும். இலங்கைச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 70 ஆண்டு வரை பதிப்புரிமை உண்டு, வாட்ஸ்அப்பில் சும்மா சுற்றவிடக் கூடாது. அந்தக் கோப்பு பெரும்பாலும் பாமினி எழுத்துருவில் இருக்கும். நம் கண்ணுக்குத் தமிழ், போனுக்கோ அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பாமினி–யூனிகோட் மாற்றியில் ஒட்டி எடுத்தால் சரி. யூனிகோட் எழுத்தைப் போன் தமிழாகவே அறியும்.

மாற்றும் வேலையே வேண்டாம் என்றால் இணையத்தில் இலவசமாகத் தமிழ் நூல்களைத் தரும் தளங்கள் உண்டு: 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் இருக்கிறது, தமிழ் விக்கிமூலம் இருக்கிறது. இரண்டிலும் நூல்கள் யூனிகோட் எழுத்தாகவே கிடைக்கும். விக்கிமூலத்தில் மட்டும் மெய்ப்புப் பார்த்த நூலா என்று கவனியுங்கள். திரைவாசிப்பான் என்றால் ஆண்ட்ராய்டு போனில் டோக்பேக், கணினியில் என்விடிஏ, இரண்டுமே இலவசம், தமிழும் வாசிக்கும்.

கூட்டத்துக்கு வருவோம். சூமின் இலவசக் கணக்கு 40 நிமிடத்தில் அறுந்துவிடும். எங்கள் வட்டத்தில் அதையே மணியாக வைத்துக்கொண்டோம், நீட்டி முழக்குகிறவர்களுக்கு நல்ல கடிவாளம். இங்கே ஞாயிறு பின்னேரம் 7.30 என்றால், லண்டனில் கோடையில் பிற்பகல் 3, ரொறன்ரோவில் காலை 10. குளிர்காலத்தில் இரண்டு இடத்திலும் ஒரு மணி குறையும். மார்ச்சில் ரொறன்ரோ மணிக்கூட்டை முந்தி மாற்றும், லண்டன் பிந்தி மாற்றும். அந்த இரண்டு மூன்று கிழமைக்கு நேரத்தைத் தனியாக அறிவியுங்கள்.

சூம் திரையில் பக்கத்தைக் காட்டினால் அவருடைய திரைவாசிப்பானுக்கு அது வெறும் காணொளி. வாசிக்கப்போகும் பகுதியை முதல்நாளே வாட்ஸ்அப்பில் எழுத்தாக அனுப்பிவிடுங்கள். பேசுகிறவர் பெயரைச் சொல்லிவிட்டுத் தொடங்கட்டும். அப்புறம், "46ஆம் பக்கத்தில்" என்று சொல்லாதீர்கள்; கேட்டு வாசிப்பவருக்கு 46ஆம் பக்கம் என்று ஒன்றில்லை. அத்தியாயத்தையும் அந்தப் பந்தியின் முதல் நாலு சொல்லையும் சொன்னால் அவரே தேடிப் பிடித்துவிடுவார்.