சேலத்திலிருந்து அபுதாபிக்கு வேலைக்குப் போகும் நர்ஸ், சான்றிதழ் அட்டெஸ்டேஷனை எங்கே தொடங்க வேண்டும்? ஏஜென்டிடம் கொடுத்துவிடலாமா?

தங்கை சேலத்தில் பி.எஸ்சி. நர்சிங் படித்தவர், ஊர் ஏற்காடு, அபுதாபியில் ஒரு மருத்துவமனையிலிருந்து ஆஃபர் லெட்டர் வந்துவிட்டது, "ஒரிஜினல் எல்லாத்தையும் குடுத்துடுங்க, மீதிய நான் பாத்துக்கறேன்" என்று ஒரு ஏஜென்ட் சொல்கிறார் என எழுதியிருந்தீர்கள். நானும் அதே மலைக்காரிதான், நாகலூர்ப் பக்கம். நானும் நர்ஸ். 2019-ல் மஸ்கட் போவதற்கும் 2023-ல் துபாய் போவதற்கும் இதே சான்றிதழ்களை எடுத்துக்கொண்டு அலைந்திருக்கிறேன். அதனால் உரிமையோடு சொல்கிறேன்: இந்த வாரம் யாரிடமும் எதையும் கொடுக்காதீர்கள். அதற்கு முன் வீட்டிலேயே முடிக்க வேண்டிய வேலை இருக்கிறது.

அட்டெஸ்டேஷன் என்பது சான்றிதழின் மேல் அலுவலகங்கள் வரிசையாகப் போடும் முத்திரைகள். முதலில் அவை என்ன சொல்கின்றன என்று தெரிந்துகொள்ளுங்கள். வெளியுறவு அமைச்சகத்துக்காரர் உங்கள் தங்கையின் மதிப்பெண்ணைச் சரிபார்ப்பதில்லை. தமிழ்நாடு தலைமைச் செயலகத்தில் போட்ட கையெழுத்து உண்மையானது என்று மட்டும்தான் அவர் சொல்கிறார். தலைமைச் செயலகம், பல்கலைக்கழகத்தின் கையெழுத்தை நம்பிப் போடுகிறது. தூதரகம், வெளியுறவு அமைச்சகத்தின் கையெழுத்தை நம்பிப் போடுகிறது. ஒவ்வொருவரும் தனக்குக் கீழே இருப்பவரின் கையெழுத்துக்கு மட்டுமே சாட்சி. அடியில் இருக்கும் தாளில் ஒரு எழுத்துப் பிழை இருந்தால், அதன் மேல் எத்தனை முத்திரை விழுந்தாலும் பிழை பிழையாகவே அபுதாபி வரைக்கும் போகும். அங்கே பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர்தான் அதைக் கண்டுபிடிப்பார். அதற்குள் பணமும் மாதங்களும் போயிருக்கும்.

எனக்கு நடந்தது அதுதான். அப்பா பெயர் சின்னசாமி. நான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தபோது டீச்சர் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் 'எஸ்' என்று இன்ஷியல் போட்டுவிட்டார். பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி எல்லாம் அந்த 'எஸ்' வழியே வந்தன. ரேஷன் கார்டிலும் ஆதாரிலும் அப்பா பெயர் 'சி'யில் தொடங்குகிறது. பாஸ்போர்ட்டும் ஆதாரைப் பார்த்து 'சி'யிலேயே வந்தது. நம் ஊரில் இதை யாரும் பிழையாகவே நினைப்பதில்லை. ஆனால் வெளிநாட்டு அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அது இரண்டு வேறு பெண்கள்.

அதனால் முதல் வேலை: தங்கையின் பத்தாவது, பன்னிரண்டாவது மதிப்பெண் சான்றிதழ், டிகிரி, நர்சிங் கவுன்சில் பதிவுச் சான்று, பாஸ்போர்ட், ஆதார் எல்லாவற்றையும் பாயில் வரிசையாகப் பரப்புங்கள். பெயர், இன்ஷியல், அப்பா பெயர், பிறந்த தேதி, இந்த நான்கையும் எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். ஒருவர் வாசிக்க ஒருவர் பார்ப்பது நல்லது. வேறுபாடு இருந்தால், இரண்டு பெயரும் ஒரே ஆளைத்தான் குறிக்கும் என்று நோட்டரியிடம் ஒரு அஃபிடவிட் போட வேண்டியிருக்கும். நான் அஸ்தம்பட்டி கோர்ட் பக்கம் போட்டேன். மஸ்கட்டுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. துபாய்க்குப் போகும்போது கேள்வி வந்தது. அப்போது அரசிதழில் பெயர் வெளியிட்டு அந்தப் பக்கத்தையும் சேர்த்துக் கொடுத்தேன். அரசிதழ் பழைய சான்றிதழை மாற்றாது. ஆனால் பழைய பெயரையும் புதிய பெயரையும் அரசு அச்சில் ஒரே இடத்தில் காட்டும். எனக்கு அதுதான் கைகொடுத்தது.

பாஸ்போர்ட்டில் இன்னொன்றையும் பாருங்கள். நம்மில் பலர் குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டு, ஒரே பெயராக வாங்கியிருப்போம். 2022 நவம்பரில் அமீரகம், ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டில் விசிட் விசாவில் வருகிறவர்களை விடமாட்டோம் என்று சொன்னது. பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் ஏற்கிறோம் என்று பிறகு விளக்கம் வந்தது. வேலை விசாவுக்கு இது நேரடியாகப் பொருந்தாது. ஆனால் பின்னால் அம்மா அப்பா தங்கையைப் பார்க்கப் போகும்போது பொருந்தும். எப்படியும் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கப் போகிறீர்கள் என்றால் அப்போதே குடும்பப் பெயர்க் கட்டத்தில் அப்பா பெயரைச் சேர்த்துவிடுங்கள்.

அடுத்தது லேமினேஷன். இதைச் சொல்லும்போது எனக்கு இன்னும் மனசு கனக்கும். ஐப்பசி, கார்த்திகையில் நம் மலையில் பெட்டிக்குள் இருக்கும் துணிகூடப் பூசணம் பிடிக்கும், உங்களுக்கே தெரியும். காபித் தோட்டத்தில் கூலிக்குப் போன எங்கப்பா, என் பத்தாவது, பன்னிரண்டாவது சான்றிதழ்களை மஞ்சப்பையில் சுற்றி, இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, சேலத்தில் லேமினேட் பண்ணிக்கொண்டு வந்தார். "இனி தண்ணிகூட உள்ள போவாது கண்ணு" என்றார். அவருக்கு வாசிக்கத் தெரியாது. அந்தத் தாள்களின் மதிப்பு தெரியும்.

முத்திரையும் ஸ்டிக்கரும் பெரும்பாலும் சான்றிதழின் பின்பக்கத்தில்தான் விழும். பிளாஸ்டிக் மேல் போட மாட்டார்கள். பிரித்துத் தருகிறோம் என்று சொல்லும் கடைகள் இருக்கின்றன. என் தோழி ஒருத்திக்கு அப்படிப் பிரித்தபோது மேல் தாளோடு மதிப்பெண்ணும் சேர்ந்து உரிந்துவிட்டது. நான் பிரிக்கவில்லை. படித்த பள்ளியின் தலைமையாசிரியர் வழியாக அரசுத் தேர்வுத் துறைக்கு எழுதி இரண்டாம்படி வாங்கினேன். இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. தங்கையுடையதும் லேமினேட் ஆகியிருந்தால், மருத்துவமனை அந்தச் சான்றிதழைக் கேட்கிறதா என்று முதலில் கேளுங்கள். பல இடங்களில் டிகிரி மட்டும் போதும். கேட்கவில்லை என்றால் தொடாமல் அப்படியே விடுங்கள்.

இனி வழி. டிகிரிதான் அடிப்படை. நர்சிங் படிப்பு என்பதால் கல்லூரி சேலத்தில் இருந்தாலும் பட்டம் கொடுத்தது பெரும்பாலும் கிண்டியில் இருக்கும் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகமாக இருக்கும் (நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தின் கல்லூரி என்றால் அந்தப் பல்கலைக்கழகமே). அதனால் உண்மைத்தன்மைச் சான்றும், அதாவது பட்டம் உண்மையானது என்ற சான்றும், பட்டம் கொடுத்த பல்கலைக்கழகத்திலிருந்துதான் வர வேண்டும். (கலை, அறிவியல் படித்தவர்களும் இதைப் படிக்கக்கூடும். கருப்பூர் பெரியார் பல்கலைக்கழகம் தொடங்கியது 1997-ல். அதற்கு முன் சேலம் கல்லூரிகளில் படித்தவர்களின் பட்டம் சென்னைப் பல்கலைக்கழகத்துடையது. என் சித்தப்பா கருப்பூருக்கு இரண்டு முறை போய்விட்டு வந்த பிறகுதான் சேப்பாக்கம் என்று தெரிந்தது.)

உண்மைத்தன்மை கையில் வந்த பிறகு தலைமைச் செயலகம். கல்விச் சான்றிதழ்களை ஒரு துறையும், பிறப்பு, திருமணச் சான்றுகளை வேறொரு துறையும் பார்க்கின்றன. 2019-ல் நானே நேரில் போனேன். சேலம் ஜங்ஷனில் ராத்திரி ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஏறினால் விடிவதற்கு முன்பே சென்ட்ரல். கோட்டை பக்கத்திலேயே இருக்கிறது. பாஸ்போர்ட் ஒரிஜினலும் எல்லாவற்றுக்கும் ஜெராக்ஸும் கொண்டு போங்கள்.

அதற்குப் பிறகுதான் வெளியுறவு அமைச்சகம். இங்கே நீங்கள் நேரில் போய்க் கொடுக்க முடியாது. 2012 ஜூலையிலிருந்து அமைச்சகம் தனி ஆட்களிடம் வாங்குவதில்லை. அமைச்சகம் அங்கீகரித்த முகமைகள் வழியாகத்தான் போக வேண்டும். அவற்றின் பெயர்கள் அமைச்சகத்தின் இணையதளத்திலேயே இருக்கின்றன. 2019 ஜனவரியிலிருந்து சென்னைக் கிளையிலேயே முத்திரை கிடைப்பதால் இந்தப் படிக்கு டெல்லிவரை அனுப்ப வேண்டியதில்லை. தெருவில் போர்டு போட்டிருக்கும் ஏஜென்ட் பெரும்பாலும் உங்களுக்கும் இந்த முகமைக்கும் இடையில் நிற்கும் இன்னொரு கை. கட்டணத்தையும் தெரிந்துகொள்ளுங்கள்: அமைச்சகம் அப்போஸ்டிலுக்கு (அது என்ன என்று அடுத்துச் சொல்கிறேன்) ஒரு சான்றிதழுக்கு 50 ரூபாய் வாங்குகிறது. சாதாரண அட்டெஸ்டேஷனுக்கு எதுவும் வாங்குவதில்லை. இந்தப் படியில் மற்றதெல்லாம் சேவைக் கட்டணமும் கூரியரும். "அரசாங்கக் கட்டணமே பத்தாயிரம்" என்று ஒருவர் சொன்னால் ரசீது கேளுங்கள்.

அப்போஸ்டில், அட்டெஸ்டேஷன் இரண்டையும் ஒன்றாகப் பேசுகிறார்கள். ஒன்றல்ல. 1961-ல் ஹேக் நகரில் பல நாடுகள் ஓர் ஒப்பந்தம் போட்டன. அந்த நாடுகளுக்குள் அப்போஸ்டில் ஒன்றே போதும், தூதரக முத்திரை வேண்டாம். இந்தியாவுக்கு அது 2005 ஜூலை 14 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஓமன் அதில் உண்டு. அதனால் 2019-ல் என் வேலை அந்த ஸ்டிக்கரோடு முடிந்தது. அமீரகம் அதில் இல்லை. துபாய்க்குப் போகும்போது 'ஏற்கெனவே முத்திரை இருக்கிறதே' என்று நினைத்திருந்தேன். அது செல்லவில்லை. அதே டிகிரிக்கு அமைச்சகத்தின் சாதாரண அட்டெஸ்டேஷனைத் தனியாக வாங்கி, அமீரகத் தூதரகத்தில் முத்திரை வாங்கி, கடைசியாக அங்கே அவர்களுடைய வெளியுறவு அமைச்சகத்திலும் வாங்க வேண்டியிருந்தது. அந்தக் கடைசிப் படிக்கு ஒரு சான்றிதழுக்கு 150 திர்ஹாம் கட்டினேன். அபுதாபியும் அதே அமீரகம்தான். தங்கைக்கும் இந்த வழிதான். அப்போஸ்டில் போட்டுத் தருகிறேன் என்று ஏஜென்ட் சொல்லியிருந்தால் அவருக்கே நாடு எது என்று தெரியவில்லை.

மற்ற நாட்டுக்குப் போகிறவர்களுக்காக: குவைத், கத்தாரும் அமீரகம் மாதிரி தூதரக வழிதான். சவுதி 2022 டிசம்பரிலும், சிங்கப்பூர் 2021 செப்டம்பரிலும், கனடா 2024 ஜனவரியிலும் அப்போஸ்டிலுக்கு மாறின. பழைய ஆட்கள் சொல்லும் வழி அங்கே பொருந்தாது. ஜெர்மனி ஒப்பந்தத்தில் இருந்தாலும் இந்தியா சேர்ந்ததற்கு ஆட்சேபம் சொன்ன நாடு. அங்கே நர்ஸாகப் போகிறவர்கள் முதலில் அவர்களுடைய தூதரகத்தைக் கேட்டுவிடுங்கள்.

2023-ல் வேலை நெருக்கடியில் நான் ஓர் ஏஜென்டிடம் கொடுத்தேன். வேகமாக முடித்தார். வந்த பிறகு பார்த்தால் தமிழ்நாடு அரசின் முத்திரையே இல்லை. டெல்லியில் நோட்டரி, அங்குள்ள சப் டிவிஷனல் மாஜிஸ்திரேட் என்று ஒரு குறுக்கு வழி இருக்கிறது, அதில் கொண்டுபோயிருக்கிறார். சில இடங்களில் அது செல்லும். என்னை எடுத்த மருத்துவமனை, படித்த மாநிலத்தின் கல்வித் துறை முத்திரை வேண்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டது. மறுபடி முதலிலிருந்து. இரண்டு தடவை பணம், ஐந்து வாரம் தாமதம். ஏஜென்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கைக்குழந்தையோடு சென்னைக்கு நாலு முறை போக முடியாதவர்கள் என்ன செய்வார்கள்? ஆனால் எந்தெந்த அலுவலகத்தின் முத்திரை விழும் என்று வரிசையாக எழுதி வாங்குங்கள். அதை மருத்துவமனைக்கு அனுப்பி, சரி என்று பதில் வந்த பிறகு ஒரிஜினலைக் கொடுங்கள். கொடுக்கும் முன் இரண்டு பக்கமும் ஸ்கேன் எடுத்துவையுங்கள். கொடுத்த ஒவ்வொரு தாளின் எண்ணும் எழுதிய ரசீது வாங்குங்கள்.

டேட்டாஃப்ளோ என்ற சரிபார்ப்பு நிறுவனத்தின் சோதனையையும் கேட்பார்கள். நர்ஸ் லைசென்ஸுக்காக அவர்களே நேரடியாகப் பல்கலைக்கழகத்துக்கும், மயிலாப்பூரில் இருக்கும் நர்சிங் கவுன்சிலுக்கும், வேலை பார்த்த மருத்துவமனைக்கும் எழுதிக் கேட்பது அது. முத்திரைகளுக்கும் அதற்கும் தொடர்பில்லை, இரண்டும் வேண்டும். பழைய மருத்துவமனையின் ஹெச்.ஆரிடம் இப்போதே ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். அவர்கள் பதில் போடாமல் விட்டால் தங்கைதான் காத்திருப்பார். போலீஸ் சான்று பாஸ்போர்ட் சேவா தளத்தில் விண்ணப்பிப்பது, 500 ரூபாய். அது சுலபம்.

தங்கைக்குக் கல்யாணம் ஆகியிருந்தால், பின்னால் கணவரையும் குழந்தையையும் கூட்டிக்கொள்ள திருமணச் சான்றும் பிறப்புச் சான்றும் இதே வழியில் போக வேண்டும். கோயில் ரசீது, பத்திரிகை எதுவும் செல்லாது. சார் பதிவாளர் அலுவலகத்தில் பதிந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டின் 2009-ஆம் வருடச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிய வேண்டும், கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள் அவகாசம் உண்டு. குழந்தையின் பிறப்புச் சான்றில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். என் மகனுடையதில் 'ஆண்' என்று மட்டும் இருந்தது. பெயர் வைக்கும் முன்பே வாங்கிவிட்டோம். 12 மாதத்துக்குள் போனால் கட்டணம் இல்லாமல் சேர்ப்பார்கள். நாங்கள் பதினோராம் மாதத்தில் போய்ச் சேர்த்தோம்.

ஒன்று நீங்கள் எழுதவில்லை: தங்கையிடம் இருப்பது பட்டமளிப்பு விழாவுக்குப் பிறகு வரும் டிகிரி சான்றிதழா, இல்லை புரொவிஷனல் (தற்காலிகச் சான்று) மட்டும்தானா? புரொவிஷனல் மட்டும்தான் என்றால் மேலே சொன்ன எதையும் தொடங்க வேண்டாம், முதலில் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் போடுங்கள். எது என்று கமெண்டில் எழுதுங்கள். அதைப் பார்த்து அடுத்ததைச் சொல்கிறேன்.