கேள்வி பதில்: ஒரே ஹாலுக்குள் ஒரு பிரெஞ்சுக் கலாட்டா

கேள்வி: 'லெ தினே த கோன்' என்ற பிரெஞ்சுப் படம் பார்த்தேன். முக்கால்வாசிப் படம் ஒரே வீட்டில் நடக்கிறது. ஆனாலும் நாடகத்தைப் படம்பிடித்து வைத்தது போலத் தோன்றவில்லையே, எப்படி?

பதில்: மேடையிலிருந்து வந்த படம்தான் அது. ஃபிரான்சிஸ் வெபேர் எழுதிய நாடகம் 1993-ல் பாரிஸின் வரியேத்தே அரங்கில் மேடையேறியது. 1998-ல் அவரே அதைத் திரைப்படமாக இயக்கினார். கதையின் 'முட்டாள்' பின்யோன் வேடம் இரண்டிலும் ழாக் வில்ரேவுக்குத்தான்.

படம் பார்க்காதவர்களுக்குக் கதைச் சுருக்கம்: ப்ரோஷான் ஒரு பதிப்பாளர். அவரும் நண்பர்களும் வாராவாரம் விருந்து வைத்து, ஆளுக்கொரு 'முட்டாளை' அழைத்துவந்து ரசிப்பார்கள். இந்த வாரம் ப்ரோஷானிடம் சிக்கியவர் பின்யோன். நிதி அமைச்சக ஊழியர், தீக்குச்சிகளால் ஈஃபெல் கோபுரம் செய்கிறவர். ஆனால் இருவரும் விருந்துக்குப் போய்ச் சேர்வதே இல்லை.

நாடகத்தைப் படமாக்குபவர்களுக்கு முதலில் வரும் ஆசை, கதையைத் தெருவுக்கும் ஓட்டலுக்கும் கடற்கரைக்கும் கொண்டுபோவது. ஆள்மாறாட்டமும் பொய்யும் அவசரமும் கலந்த இந்த ஃபார்ஸ் வகைக்கு அதுதான் ஆகாது. தெருவில் இறங்கியவனுக்கு யோசிக்க நேரம் கிடைத்துவிடும். யோசித்தால் பொய் சொல்ல வேண்டியதில்லை, பொய் இல்லையென்றால் கதையே இல்லை. வெபேர் வெளிக்காட்சிகளை ஆரம்பத்திலேயே முடித்துவிடுகிறார். பூமராங் எறிகிற ஒருவர், ரயிலில் ப்ரோஷானின் நண்பர் கண்ணில் பின்யோன் மாட்டிக்கொள்வது, இவ்வளவுதான். பிறகு ப்ரோஷானுக்கு முதுகு பிடித்துக்கொள்கிறது. முழுத் திரைக்கதையும் அந்த முதுகின் மேல்தான் நிற்கிறது. எழுந்து போக முடியாது, போனை எடுத்துவரக்கூட ஆள் வேண்டும், பக்கத்தில் இருப்பதோ பின்யோன் மட்டும். கதவைப் பூட்டாமலேயே இருவரையும் வெபேர் உள்ளே வைத்துவிட்டார். படத்தின் நீளமும் ஏறக்குறைய 80 நிமிடம்தான். இந்த அழுத்தத்தை அதற்கு மேல் இழுத்தால் பார்ப்பவர்கள் களைத்துவிடுவார்கள்.

கேள்வி: பெல்ஜியத் தயாரிப்பாளராக நடித்து பின்யோன் போன் பேசும் காட்சிக்கு அவ்வளவு சிரிப்பு வருவது ஏன்?

பதில்: யாருக்கு என்ன தெரியும் என்பதைக் கவனித்துப் பாருங்கள். ப்ரோஷானை விட்டுப் போன மனைவி, பழைய நண்பர் லெப்லானிடம் இருக்கிறாரா என்று தெரிந்துகொள்ள வேண்டும். அதற்காக, லெப்லானின் நாவலைப் படமாக்கும் உரிமையைக் கேட்பது போலப் பின்யோன் பேசுகிறார். பேரம் சூடுபிடிக்கிறது, உரிமை கிடைத்துவிடுகிறது, சந்தோஷத்தில் போனை வைத்துவிடுகிறார். மனைவியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. போன் எதற்கு என்பது நமக்கு நினைவிருக்கிறது, ப்ரோஷானுக்கும் நினைவிருக்கிறது, பேசுகிறவருக்குத்தான் மறந்துவிட்டது. ஸ்பீக்கர் போட்டிருப்பதால் ப்ரோஷான் வாய் திறந்து தடுக்கவும் முடியாது.

அந்தக் காட்சியில் பேசுகிறவரை விட்டுவிட்டு, கேட்டுக்கொண்டிருக்கும் ப்ரோஷானின், அதாவது நடிகர் தியரி லெர்மித்தின் முகத்தை மட்டும் ஒருமுறை பாருங்கள். சிரிப்பில் பாதி அங்கே இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. இந்தப் படத்தில் போன் பேச்சு எதுவும் பேச்சோடு முடிவதில்லை. லெப்லானுக்குப் போன் போனால் சற்று நேரத்தில் லெப்லானே வாசலில் நிற்கிறார். டாக்டரை அழைக்கச் சொன்னால் எண் மாறி ப்ரோஷானின் காதலி மார்லேனுக்குப் போகிறது. அவள் வரப்போகிறாள் என்ற பதற்றத்தில், திரும்பிவந்த மனைவியையே மார்லேன் என்று நினைத்துப் பின்யோன் எல்லாவற்றையும் உளறித் துரத்திவிடுகிறார். முந்தைய பிழையைச் சரிசெய்யப் போய்த்தான் அடுத்த பிழை வருகிறது, எதுவும் தற்செயல் அல்ல. நல்ல ஃபார்ஸுக்கும் வெறும் கூச்சல் குழப்பத்துக்கும் வித்தியாசம் இதுதான்.

கேள்வி: வரி அதிகாரி வந்ததும் படம் இன்னொரு படி மேலே போகிறதே?

பதில்: ஆமாம். அதுவரை ப்ரோஷான் இழந்துகொண்டிருந்தது மனைவியை. வரி அதிகாரி ஷெவால் வந்ததும் பணமும் ஆபத்தில் சிக்குகிறது. ஓவியங்களை அவசரமாக ஒளித்துவைக்கிறார்கள். விலையுயர்ந்த ஒயின் மலிவாகத் தெரிய வினிகர் கலக்கிறார்கள், அது முன்பைவிட ருசியாகிவிடுகிறது. ப்ரோஷானின் மனைவி போயிருக்கலாம் என்று சந்தேகிக்கும் இன்னொருவன் வீட்டில், அவளுக்குப் பதிலாக ஷெவாலின் மனைவி இருப்பது ஸ்பீக்கரில் தெரியவருகிறது. ஷெவாலாக நடிக்கும் தனியேல் ப்ரெவோ அந்த அடியைச் சற்றும் விளையாட்டில்லாமல் வாங்கிக்கொள்கிறார். வில்ரே, ப்ரெவோ இருவருக்குமே பிரான்சின் சேசார் திரைப்பட விருது கிடைத்தது.

கேள்வி: வசனம்தான் ஃபார்ஸின் உயிர் என்கிறார்கள். மௌனப்பட காலத்தில் என்ன செய்தார்கள்?

பதில்: ரெனே கிளேர் 1928-ல் தந்த 'இத்தாலிய வைக்கோல் தொப்பி'யைப் பாருங்கள். 1851-ல் லபிஷும் மார்க்-மிஷெலும் எழுதிய நாடகம் அது. கல்யாண நாளன்று மாப்பிள்ளையின் குதிரை, ரகசியமாகக் காதலனைச் சந்திக்க வந்த ஒரு பெண்ணின் தொப்பியைத் தின்றுவிடுகிறது. அதே போல இன்னொன்று கிடைத்தால்தான் அவள் வீடு திரும்ப முடியும்.

கிளேர் திரையில் வசனம் காட்டும் எழுத்து அட்டைகளைக் குறைத்துக்கொண்டு, ஒவ்வொருவருக்கும் ஒரு பொருள்தொல்லையைக் கொடுத்தார். மாமனாருக்குக் கால் கடிக்கும் ஷூ, காது கேளாத மாமாவுக்குக் கேள்குழல், ஓர் உறவினருக்கு நழுவும் டை. மேயர் பேசும்போது அந்த உறவினரின் மனைவி டையைச் சரிசெய் என்று சைகை காட்ட, கூட்டத்தில் மற்ற ஆண்களின் கையும் டைக்குப் போகிறது. மேயர் உட்பட! மேடையில் பின்வரிசைக்குத் தெரியாத அசைவு அது. வசனத்தின் இடத்தைக் கேமரா இப்படித்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: நாங்கள் மேடையில் போட்ட ஓரங்க நகைச்சுவை நாடகத்தைக் குறும்படமாக்கப் போகிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: கேமராவைத் தொடுவதற்கு முன் ஒரு தாளில் கட்டம் போடுங்கள். மேலே பாத்திரங்கள், இடப்பக்கம் காட்சிகள், ஒவ்வொரு கட்டத்திலும் அந்த நேரத்தில் அவருக்குத் தெரிந்த உண்மை. ஒரு வரிசையில் எல்லோருக்கும் ஒரே விஷயம் தெரிந்திருந்தால் அந்தக் காட்சி சிரிக்க வைக்காது. வெட்டுங்கள், அல்லது ஒருவரிடமிருந்து செய்தியை மறையுங்கள்.

அடுத்து வீட்டின் வரைபடம். எந்தக் கதவு எங்கே போகிறது என்பதை முதல் சில நிமிடங்களிலேயே முழு இடமும் தெரியும் ஒரு வைட் ஷாட்டில் காட்டிவிடுங்கள். பிறகு அதை மாற்றாதீர்கள். ஒளிந்திருப்பவர் எந்த அறையில் என்று பார்ப்பவர் யோசிக்கத் தொடங்கினால் சிரிப்பு போய்விடும்.

அதிகம் தவறுவது இடைவெளியில். மேடையில் நடிகர் கைதட்டல் அடங்கும்வரை காத்திருப்பார். படம் காத்திருக்காது, சிரிப்பில் அடுத்த வசனம் மூழ்கிவிடும். அதற்காக வெற்று மௌனம் விடவும் கூடாது, யாரும் சிரிக்காவிட்டால் அந்த இடம் செத்துக்கிடக்கும். வசனத்துக்குப் பின் பேச்சில்லாத ஒரு செயலை வையுங்கள்: கண்ணாடியைத் துடைப்பது, போனைத் திரும்ப வைப்பது.

போன் காட்சியில் மறுமுனை நடிகரை வேறு அறையில் உட்காரவைத்து நேரடியாகப் பேசவிடுங்கள். பின்னால் டப்பிங் சேர்த்தால் குறுக்கிடும் வேகம் வராது. நடிகர்கள் யாரும் வேடிக்கை காட்ட வேண்டாம். அந்தப் பாத்திரத்துக்கு இது வாழ்வா சாவா பிரச்சினை.

கேள்வி: அடுத்து எந்தப் படம் பார்க்கலாம்?

பதில்: 'ஓஸ்கார்' (1967). கிளோத் மாஞ்யே நாடகம், லூயி த ஃபூனேஸ் நடிப்பு, வேகத்துக்குப் பாடம். பிறகு 'லா காஜ் ஓ ஃபோல்' (1978), ழான் புவாரேயின் 1973 நாடகத்திலிருந்து வந்தது. இரண்டையும் இயக்கியவர் எதுவார் மொலினாரோ. மூன்றாவதாக, ஸ்ப்ளாந்தித் என்ற நாடகக் குழு மேடையேற்றி 1982-ல் படமான 'லெ பேர் நோயெல் எத் ஊன் ஓர்தூர்'. அது கடைசியாக இருக்கட்டும், நகைச்சுவை கறுப்பு.