பாரம் தூக்கிய கைக்குத் தண்டால் போதுமா?

கேள்வி: ஜிம்முக்கு ஹட்டன் டவுன்வரை பஸ்ஸில் போய்வரக் கட்டுப்படியாகவில்லை. மல்லாந்து படுத்து 60 கிலோ பாரத்தை மேலே தள்ளும் பெஞ்ச் பிரஸ் செய்தவன் நான். லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) வாசலில் தண்டால் எடுத்தால் உடம்பு இறங்கிவிடாதா?
– தோட்டத்து வாசகர் ஒருவர்

பதில்: இறங்காது தம்பி. தண்டாலில் உடல் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கையில் விழும். 70 கிலோ ஆளுக்கு சுமார் 45 கிலோ. இருபது சுலபமாகிவிட்டால் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். கால்களை இஸ்தோப்புத் (வீட்டு முன்வாசல்) திண்ணையில் ஏற்றிவைத்துத் தண்டால் எடுங்கள், பாரம் கூடும்.

முதுகுக்குப் பயிற்சி கொடுப்பதுதான் சிக்கல், இழுப்பதற்கு ஏதாவது வேண்டும். நான் மாட்டுப்பட்டிக் குறுக்குக் கம்பியில்தான் தொங்கினேன். முதல் வாரம் மூன்று தடவைகூட ஏற முடியவில்லை. பக்கத்துக் காம்பராப் பிள்ளைகள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

காலுக்கு, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் உட்கார்ந்து எழும்புங்கள். தினமும் மலை ஏறுகிறேனே என்பீர்கள். அது மூச்சுக்கு.