செப்புத் தகட்டில் ஒரு முற்றுகை – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் அருங்காட்சியகம் இணையத்தில் ஏற்றியிருக்கும் பழைய அச்சுப்படங்களைச் சில நாட்களாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். டச்சுக்காரர்களும் ஸ்பானியர்களும் போரிட்ட காட்சிகள். சில படங்களில் கொலையும் கொள்ளையும் நடுத்தெருவில் நடக்கின்றன. வேறு சிலவற்றில், முக்கியமாக ழாக் கல்லோ என்ற செப்புத் தகட்டு ஓவியரின் பிரெடா முற்றுகைப் படத்தில், போரையே காணோம். சர்வே வரைபடம் மாதிரி இருக்கிறது. இவர்கள் நேரில் பார்த்து வரைந்தார்களா? இதைச் செய்தி என்று எடுத்துக்கொள்வதா, பிரச்சாரம் என்று ஒதுக்குவதா?

சு., திருநெல்வேலி

அன்புள்ள சு.,

வரைபடம் மாதிரி இருக்கிறது என்று சரியாகவே கண்டுபிடித்திருக்கிறீர்கள். அந்தப் போரே அப்படித்தான் நடந்தது. 1568இல் தொடங்கி 1648இல் மூன்ஸ்டர் உடன்படிக்கையோடு முடிந்த, ஸ்பானிய ஆட்சியை எதிர்த்து டச்சுக்காரர்கள் நடத்திய அந்த எண்பதாண்டுப் போரில், இரு படைகள் திறந்த வெளியில் நேருக்கு நேர் மோதிய பெரிய சண்டைகள் குறைவு. 1600இல் நியூபோர்ட் கடற்கரை மணலில் ஒன்று நடந்தது. மற்றபடி ஊரைச் சுற்றி வளைப்பது, மண்மேடு எழுப்புவது, பள்ளம் வெட்டுவது, உள்ளே இருப்பவர்களுக்குச் சோறு தீரும்வரை காத்திருப்பது. டச்சுப் படைத்தலைவர் மௌரிட்ஸ் தன் சிப்பாய்களையே மண்வெட்டி பிடிக்க வைத்தவர். மண்வெட்டியால் நடந்த போரை வரைய வந்தவன் மண்மேட்டைத்தானே வரைவான்?

நெதர்லாந்தின் தெற்கே இருக்கும் பிரெடா ஊரின் முற்றுகை 1624 ஆகஸ்டில் தொடங்கியது. ஸ்பானியப் படைக்குத் தலைவர் அம்புரோஜோ ஸ்பினோலா, ஜெனோவாக்காரர். ஊருக்குள் டச்சுக் காவல்படையின் தலைவர் யுஸ்டினுஸ். மௌரிட்ஸ் முற்றுகையை உடைக்கப் பார்த்தார், முடியவில்லை. 1625 ஏப்ரலில் இறந்தும் போனார். ஜூனில் யுஸ்டினுஸ் சரணடைந்தார். கொடியும் ஆயுதமுமாக வெளியேற அவருடைய படையை ஸ்பினோலா அனுமதித்தார்.

இவ்வளவும் நடந்தபோது கல்லோ அங்கே இல்லை. அவர் லொரேன் நாட்டு நான்சி ஊர்க்காரர். வெற்றிக்குப் பிறகு ஸ்பெயினின் கையில் இருந்த தெற்குப் பகுதியான ஸ்பானிய நெதர்லாந்தை ஆண்ட இளவரசி இசபெல்லா அவரிடம் இந்த வேலையை ஒப்படைத்தார். அவர் பிரெடாவுக்குப் போனபோது முற்றுகை முடிந்து ஓரிரு வருடம் ஆகியிருந்தது. நிலத்தைப் பார்த்தார், மற்றதைப் பொறியாளர்களின் வரைபடங்களிலிருந்தும் எழுதப்பட்ட விவரங்களிலிருந்தும் எடுத்துக்கொண்டார். ஆறு செப்புத் தகடுகளில் செய்த படம் 1628இல் வந்தது. அப்புறம் ஒரு வேடிக்கை. படத்தின் கீழே இடது மூலையைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒருவர் உட்கார்ந்து வரைந்துகொண்டிருப்பார். அது கல்லோவேதான். தான் பார்க்காத முற்றுகையில் தன்னையே சாட்சியாக உட்கார வைத்துவிட்டார்!

ஆனால் இதைப் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தப் படத்துக்குள் இரண்டு படங்கள் இருக்கின்றன. மேலே போகப் போக அது வரைபடம்: ஆறு, அரண், முகாம். அது இளவரசி காசு கொடுத்து வாங்கியது. கீழே வரவர நிலம் சாய்ந்து, மனிதர்கள் பெரிதாகிறார்கள்; முகாமின் அன்றாட வேலைகள், கொள்ளையடிக்கும் சிப்பாய்கள். இதையெல்லாம் வரையச் சொல்லி யாரும் கேட்டிருக்கமாட்டார்கள் என்பது என் ஊகம். 1633இல் இதே கல்லோ ‘போரின் துயரங்கள்’ என்று 18 சிறிய படங்கள் வெளியிட்டார். கொள்ளையும் மரத்தில் கொத்தாகத் தொங்கும் உடல்களும் அங்கே ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்துவிட்டன.

இத்தனை சின்ன உருவங்கள் சாத்தியமானதற்கு அவருடைய கைவேலையும் காரணம். உளியால் செம்பை நேரடியாகச் செதுக்கினால் கோடு மெதுவாகத்தான் நகரும். கல்லோ தகட்டின்மேல் பூச்சு பூசி, ஊசியால் கீறி, கீறிய இடத்தை அமிலம் அரிக்க விட்டார். வழக்கமான மெழுகுப் பூச்சுக்குப் பதிலாக, இசைக்கருவி செய்பவர்கள் பயன்படுத்தும் கெட்டியான வார்னிஷ். அது உதிராது, மயிரிழைக் கோடும் நிற்கும். (நம் செப்பேட்டில் தகடுதான் ஆவணம். இங்கே தகடு வெறும் கருவி. விற்பனைக்குப் போவது அதில் மை தடவி அச்சிட்ட காகிதம்.)

நீங்கள் பார்த்த தெருக்கொலைப் படங்கள் வேறு ரகம். அவற்றில் பலவற்றை முதலில் செய்தவர் ஃபிரான்ஸ் ஹோகன்பெர்க், ஜெர்மனியின் கொலோனில் தொழில் செய்து 1590இல் இறந்தவர். சம்பளம் கிடைக்காத ஸ்பானியச் சிப்பாய்கள் 1576இல் ஆன்ட்வெர்ப் நகரைச் சூறையாடியது உண்மை, ஆயிரக்கணக்கில் மக்கள் செத்ததும் உண்மை. ஆனால் பௌடார்ட்டியுஸ் என்ற சீர்திருத்தச் சபை (புராட்டஸ்டன்ட்) போதகர் அந்தப் படங்களை மறுபடி செதுக்க வைத்து, ஏறக்குறைய 300 படங்களோடு புத்தகம் போட்டது 1615-16இல். அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது? பன்னிரண்டாண்டுப் போர்நிறுத்தம், 1609 முதல் 1621 வரை. சமாதானம் பிடிக்காதவர் அவர். நாற்பது வருடத்துக்கு முந்தைய ரத்தத்தை, புண் ஆறிவிடக்கூடாது என்று, பேரப்பிள்ளைகளுக்குக் காட்டுகிறார். படத்தில் இருப்பது நடந்ததுதான். அதை அச்சிட்ட ஆண்டில்தான் பிரச்சாரம் இருக்கிறது. அதனால் இந்த மாதிரிப் படங்களில் நான் முதலில் தேடுவது தேதியை, அடுத்து பணம் கொடுத்தவரை.

சுத்தமான செய்திப்படம் வேண்டுமென்றால் ஆம்ஸ்டர்டாம் கால்வர்ஸ்ட்ராட் தெருவில் அச்சுப்படக் கடை வைத்திருந்த கிளாஸ் யான்ஸ் விஸ்ஸரிடம் போகலாம். கியூபாவின் மத்தான்சாஸ் விரிகுடாவில் டச்சுக் கடற்படைத் தலைவர் பீட் ஹைன் வெள்ளி ஏற்றிவந்த ஸ்பானியக் கப்பல்களைப் பிடித்தது 1628 செப்டம்பரில். விஸ்ஸரின் படத்திலும் அதே ஆண்டு. பெரிய சண்டையே இல்லாமல் கிடைத்த கொள்ளை அது, மக்களுக்கு அதில் குஷி அதிகம்.

பிரெடாவுக்கே திரும்புகிறேன். யுஸ்டினுஸ் ஊர்ச் சாவியை நீட்ட, ஸ்பினோலா அவர் தோளில் கைவைத்து மண்டியிடாமல் தடுக்கும், ஸ்பானிய ஓவியர் வெலாஸ்கெஸின் பெரிய ஓவியத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வெலாஸ்கெஸ் பிரெடா பக்கம் போனதே இல்லை. பின்னால் புகை படர்ந்த அந்த நிலத்துக்கு அவருக்கு உதவியவற்றில் கல்லோவின் படமும் ஒன்று என்கிறார்கள். ஓவியம் 1635இல் மாட்ரிட் அரண்மனைக்குப் போனது. 1637இல் டச்சுப் படை பிரெடாவைத் திரும்பப் பிடித்துவிட்டது. ஓவியத்தை யாரும் கழற்றி எறியவில்லை. இப்போது பிராடோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது.