மன்னர் இருக்கும் நாட்டில் ஆட்சி செய்வது யார்?

பிரிட்டனில் மன்னர் இருக்கும்போது பிரதமர் எதற்கு என்பது, சேலத்தில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் மாணவர்களிடம் அடிக்கடி எழும் கேள்வி.

நாட்டின் தலைவராக மன்னரும், அரசின் தலைவராக மக்களவையின் ஆதரவு பெற்ற பிரதமரும் இருக்க, இருவரும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு நடக்கும் முறையே நாடாளுமன்ற அரசியலமைப்பு முடியாட்சி.

17ஆம் நூற்றாண்டில் மன்னர்கள் தம் விருப்பப்படி வரி விதித்ததாலும் சட்டங்களை நிறுத்தி வைத்ததாலும் இங்கிலாந்தில் பெரும் மோதல்கள் எழுந்தன; நாடாளுமன்றத்தின் இசைவின்றி இவ்விரண்டையும் செய்யக் கூடாது என்று 1689ஆம் ஆண்டின் உரிமைச் சட்டம் வரையறுத்தது. பிறப்பால் பதவிக்கு வந்தவரை வாக்களித்து நீக்க இயலாது. ஆகவே தவறுக்குப் பதில் சொல்ல வேண்டிய பொறுப்பு, நீக்கக்கூடியவர்களான அமைச்சர்களிடம் காலப்போக்கில் சென்று சேர்ந்தது. இம்முறையின் உயிர்நாடி இதுவே என்பது என் உறுதியான கருத்து.

சேலம் சுற்றுவட்டார ஊர்த் திருவிழா ஒன்றை எண்ணிப் பாருங்கள். பரம்பரையாக முதல் மரியாதை பெறும் குடும்பத்தின் பெரியவர் வடம் தொட்ட பிறகே தேர் நகரும். ஆனால் நாள், செலவு, தேர் செல்லும் வீதி ஆகிய அனைத்தையும் முடிவு செய்து, கணக்கை ஊர்க்கூட்டத்தில் ஒப்படைப்பது விழாக்குழுதான்.

மன்னருக்குள்ள பங்கின் அளவு எல்லா நாடுகளிலும் ஒன்றல்ல. 1975இல் நடைமுறைக்கு வந்த சுவீடன் அரசியலமைப்பில், பிரதமர் நியமனத்தில்கூட மன்னருக்குப் பங்கில்லை.

மன்னர் ஒப்புதல் தந்தால்தான் சட்டம் என்பதால் அவர் விரும்பியபடி மறுக்கலாம் என்று பலர் எண்ணுகின்றனர். பிரிட்டனில் அவ்வாறு ஒப்புதல் மறுக்கப்பட்டது கடைசியாக 1708இல், அரசி ஆன் காலத்தில்தான், அதுவும் அமைச்சர்களின் ஆலோசனைப்படியே.